‘எப்ப வருவீங்க’ என்று கேட்காதவள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டில் ராத்திரி படுத்தால் ராஜபாளையம் சாலையில் ஓடும் லாரிச் சத்தம் விடிய விடியக் கேட்கும். திருமங்கலத்தில் பிரிந்து, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று போய் மலை தாண்டிக் கொல்லத்தில் முடிகிற சாலை அது. முன்னால் 208 என்பார்கள், இப்போது 744. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தம் என் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டே போவது லோடு வண்டியா, காலி வண்டியா என்று சொல்லிவிடுவேன். காலி வண்டி தடதடவென்று உதறும். லோடு வண்டி முக்கிக்கொண்டு போகும்.

2019 தை மாதம் என் வீட்டுக்காரர் லைனுக்குப் போனார். வெளி மாநிலம் போகிற லாரியில் ஓடுவதற்கு எங்கள் பக்கம் லைனுக்குப் போவது என்று பேர். அதற்கு முன்னால் ஏழு வருஷம் குட்டியானை ஓட்டினார். காலையில் பால்கோவா போடுகிற இடங்களுக்குப் பால் கேன், மத்தியானம் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி, நடுவில் யாராவது வீடு மாற்றினால் அந்தச் சாமான். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். ஆனால் தவணை கட்டினால் டீசலுக்கு இல்லை, டீசல் போட்டால் தவணைக்கு இல்லை. வண்டியை விற்றுக் கடனை அடைத்தோம். ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். முப்பத்து நான்கு வயதில், மூத்த டிரைவர் ஒருவருக்கு மாத்து டிரைவராகப் பத்துச் சக்கர வண்டியில் ஏறினார்.

“லாரிக்காரனுக்கு எங்க காலத்துல பொண்ணே குடுக்க மாட்டாங்க. இவன் பொண்ணு கட்டின பிறகு லாரிக்காரனாயிட்டான்” என்று என் மாமியார் அழுதார். நான் அழவில்லை. தளவாய்புரத்திலிருந்து வெட்டிய நைட்டித் துணி வாங்கி வீட்டில் தைத்துக் கொடுப்பது என் வேலை. அன்றைக்கு எண்பது பீஸ் பாக்கி இருந்தது. அவருக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்பதில்தான் என் புத்தி முழுக்க இருந்தது.

அதில் பெரிய தப்புப் பண்ணினேன். மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு அனுப்புகிற மாதிரி நாலு பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, முறுக்கு, அதிரசம் என்று பெரிய பையாகக் கட்டினேன். மூத்த டிரைவர் அண்ணன் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்தார். “தங்கச்சி, ரெண்டு லுங்கி, ரெண்டு துண்டு, ஒரு கம்பளி, ஒரு டார்ச்சு. நாக்பூர் தாண்டினா தை மாசக் குளுரு எலும்புக்குள்ள போகும். கம்பளி நல்லதா வாங்கு. அப்புறம், தம்பிக்குச் சமைக்கத் தெரியுமா?”

தெரியாது. வண்டி கிளம்புவதற்குள் நாலு நாளில் அவருக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அது என்றே சொல்வேன். தொழில் என்று சொல்வது தெரிந்துதான் சொல்கிறேன். லைன் டிரைவரின் மனைவியாக இருப்பது ஒரு தொழில், அதையும் படித்துத்தான் வர வேண்டும். ஐந்து கிலோ கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு சட்டி, இரண்டு தட்டு. அதற்குள் சோறு, பருப்பு, ரசம், தக்காளிச் சாதம். அரிசி கழுவின தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது, அதில்தான் தட்டுக் கழுவ வேண்டும். காய் கிடைக்காத நாளுக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மோர் மிளகாய். தீப்பெட்டியோ பஞ்சோ ஏற்றியிருந்தால் அடுப்பை வண்டி பக்கத்திலேயே பற்ற வைக்கக் கூடாது. தள்ளிப் போய், காற்று வண்டியிலிருந்து அடுப்புப் பக்கம் வீசுகிற திசை பார்த்து உட்கார வேண்டும். கடைசியாகச் சொன்னது மட்டும் மூத்தவர் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது.

முதல் நடை சிவகாசியிலிருந்து டெல்லிக்குத் தீப்பெட்டி லோடு. சுமார் 2,600 கிலோமீட்டர். மகனின் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய இந்தியா வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அவர் போனில் சொல்லச் சொல்லப் பேனாவால் புள்ளி வைத்தேன். சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தபூர், கர்நூல், ஐதராபாத், ஆதிலாபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா. மதுரைக்கு வடக்கே ஊரே தெரியாமல் இருந்த நான் அந்த ஒரு மாதத்தில் பாதி இந்தியாவைப் படித்தேன். திரும்பும்போது ஆதிலாபாத் பக்கம் ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றினார்கள். ஒரு பொதி 170 கிலோ. பஞ்சு லோடு உயரமாக ஏறும். தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டுவது மாத்து டிரைவர் வேலை. டயரைக் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்று பார்ப்பதும் அவர் வேலைதான். இருபத்திரண்டு நாள் கழித்து வந்தவர் என் கையில் 4,200 ரூபாய் பேட்டா கொடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. நான் பணத்தை எண்ணவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைக்கச் சொன்னேன்.

முதல் ஆறு மாதம் வீட்டை ஓட்டியது நைட்டிதான். இதை அவரும் எல்லோரிடமும் சொல்வார். லைனுக்குப் புதிதாகப் போகிறவனுக்குப் பணம் உடனே வராது. வண்டி ரிட்டன் லோடு கிடைக்காமல் நாலு நாள் நின்றால் அந்த நாலு நாளுக்கும் பேட்டா இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு. ஆறு மாதத்துக்கு அரிசி, பள்ளிக்கூடச் செலவு, மருந்து எல்லாம் தன் கையில் இருக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கொள்ளாத வீட்டிலிருந்து யாரும் இந்த வேலைக்குக் கிளம்பக் கூடாது. பணம் இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் வேகமாக ஓட்டுவான்.

காகித வேலை முழுக்க என் பொறுப்பாயிற்று. லைசென்ஸ் எப்போது முடிகிறது, பட்டாசு ஏற்ற வேண்டுமானால் மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டுமே, அது எப்போது என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இ-வே பில் என்ற ஒன்று 2018 ஏப்ரலில் வந்தது. சரக்கு வெளி மாநிலம் போக அது வேண்டும், அதற்குத் தேதி உண்டு. அப்போது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆக்கிவிட்டார்கள். வண்டி வழியில் ரிப்பேராகி நின்றால் தேதி முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். அவர் ஜாக்கியும் கையுமாக டயருக்கு அடியில் இருக்கும்போது இதையெல்லாம் பார்க்க முடியுமா? புக்கிங் ஆபீஸுக்கு நான் போன் போடுவேன். “அண்ணாச்சி, இன்னிக்கு ராத்திரியோட பில் முடியுது” என்றால் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே என்னைக் கூப்பிட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்கிற அளவுக்கு வந்தது.

அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு ஒரு நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. அதில் பதிவு செய்து, மறக்காமல் புதுப்பித்து வருகிறேன். எங்கள் பக்கம் எத்தனையோ டிரைவர் வீடுகளில் இது தெரியாமலே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். லாரிக்காரன் என்றால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும், அவன் பெண்டாட்டியை இன்னொரு மாதிரிப் பார்க்கும். சொந்தக்காரி ஒருத்தியே என்னிடம் வந்து காதில் ஓதினாள். மூன்று நாள் மனதில் வைத்துக் குமைந்துவிட்டு அவரிடமே நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், பேர் வெளியே போகாது. இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். வருஷத்துக்கு ஒரு தடவை போகிறோம். சந்தேகத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு பதினைந்து நாள், இருபது நாள் தனியாக இருக்க முடியாது.

இனி ஆடிப்பூரத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆடிப்பூரத் தேர் என்றால் என்ன என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தீபாவளிக்கு வராதவனும் ஆண்டாள் தேருக்கு வந்துவிடுவான். 2019-இல் அவர் லைனுக்குப் போய் ஏழாவது மாதம். பெங்களூருவில் இருக்கிற என் அண்ணன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. மகன் அப்பா தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்ப்பேன் என்று பிடிவாதம். நான் போன் போட்டேன். ஒரு தடவை இல்லை, இரண்டு நாளில் ஏழு எட்டுத் தடவை. “எப்ப வருவீங்க? தேருக்கு முந்தின நாளாவது வந்துருவீங்களா? எல்லாரும் கேட்பாங்க, நான் என்ன சொல்ல?” இதே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் “வந்துருவேன் பிள்ள” என்றார்.

ஆதிலாபாத்தில் பஞ்சு ஏற்றி ராஜபாளையத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழக்கமாக மாற்றி மாற்றித் தூங்கி வருகிற தூரம். தொப்பூர் இறக்கத்தில் மூத்தவர் ஓட்டினார். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு எத்தனையோ வண்டி கவிழ்ந்த இறக்கம் அது. அதில் புதியவனை விட அவருக்கு மனசில்லை. நாமக்கல்லில் அவர் வீடு. உடம்பு சுகமில்லை என்று அங்கே இறங்கிக்கொண்டார். “படுத்து எழுந்திரிச்சு, விடிஞ்சதும் எடு” என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். இவர் படுக்கவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு எடுத்துவிட்டார். கரூர், திண்டுக்கல், மதுரை, திருமங்கலம் எல்லாம் தாண்டியாயிற்று.

விடியற்காலை நாலே முக்காலுக்குப் போன் வந்தது. வந்துவிட்டார் என்றுதான் ஓடிப்போய் எடுத்தேன். “தூங்கிட்டேன் பிள்ள” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

தே.கல்லுப்பட்டிப் பக்கம். வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர்தான் பாக்கி. வண்டி சாலையை விட்டு இடது பக்கம் இறங்கி, ஒரு புளியமரத்தை உரசி நின்றிருக்கிறது. அவருக்கு நெற்றியில் ஒரு காயம். எதிரே யாரும் வரவில்லை, ஓரத்தில் யாரும் படுத்திருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கேபினின் இடது பக்கக் கதவு, இருக்கை, கண்ணாடி எல்லாம் ஒரு முழம் உள்ளே போயிருந்தது. மாத்து டிரைவர் உட்காருகிற இடம். மூத்தவர் நாமக்கல்லில் இறங்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் தலை சாய்த்துத் தூங்கியிருப்பார்.

அன்றைக்குத் தேர் ஓடியது. நாங்கள் போகவில்லை. முதலாளி சேதத்துக்கென்று நாலு நடை பேட்டாவில் பிடித்தார். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. “நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்ததாலதான் படுக்கலையா?” என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்று சொன்னார். சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். எனக்கு அந்தக் கொஞ்ச நேரமே பதில்.

அன்றையிலிருந்து ‘எப்ப வருவீங்க’ என்ற கேள்வியை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். மகனுக்கும் மாமியாருக்கும் சொல்லிவிட்டேன், அண்ணன் வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவர் வருவாரா என்று கேட்டால், நாங்கள் வருவோம் என்று மட்டும் சொல்வேன். வீட்டிலிருந்து அவருக்குப் போன் போவதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகு அவர் கூப்பிடுவார். அவசரமென்றால் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன், அடுத்து நிறுத்துகிற இடத்தில் பேசுவார். பேசும்போது நான் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?” அதை நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். மூன்று, நாலு என்று தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் மூன்றாம் நாள் நானே திட்டுவேன். ஆரம்பத்தில் பொய் சொன்னார். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். தூங்காதவன் ‘ம்’ கொட்டுவது வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுக் கவலையையும் அளந்துதான் சொல்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் என்றால், காய்ச்சல் விட்ட பிறகு சொல்வேன். அப்படி மறைத்தது சரியா என்று கேட்டால், வெளிச்சத்தில் சரி, ராத்திரியில் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். மாமியார் மட்டும் ஒரு தடவை மயங்கி விழுந்தபோது சொல்லிவிட்டேன். அம்மா விஷயத்தை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். சொல்வதற்கு முன் “வண்டி நிக்குதா, இன்ஜின் ஆஃபா” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தபோது அவர்கள் நாக்பூருக்கு இந்தப் பக்கம் பஞ்சு லோடோடு நின்றார்கள். அத்தியாவசியச் சரக்கு மட்டும் போகலாம் என்றார்கள். பஞ்சு அத்தியாவசியமா இல்லையா என்று ஒவ்வொரு தடுப்பிலும் ஒவ்வொரு பதில். மார்ச் 29-இல் எல்லாச் சரக்கும் போகலாம் என்று உத்தரவு வந்தது. வண்டி போகலாம், ஆனால் சோறு? தாபாக்களுக்கும் பஞ்சர் கடைகளுக்கும் ஏப்ரல் 20-க்குப் பிறகுதான் அனுமதி. நான் சொல்லிக் கொடுத்த பருப்பும் ரசமும்தான் இரண்டு பேர் வயிற்றையும் காப்பாற்றியது. வழியில் சாப்பாடு இல்லாமல் நின்ற வேறு மாநில டிரைவர்களுக்கும் புளிச்சாதம் கிளறிக் கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒரு பஞ்சாபி டிரைவர் இன்றும் பொங்கலுக்குப் போன் போடுவார்.

ராஜபாளையம் வந்து சேர்ந்தால் மில் மூடியிருந்தது. இறக்க ஆளில்லை. வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒன்பது நாள் வண்டியிலேயே இருந்தார். பால் வண்டிக்காரர் கையில் தூக்குவாளி கொடுத்து அனுப்புவேன். எங்கள் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு ஒரு கதை உண்டு. பிரசவ வலியில் கிடந்த பெண்ணுக்கு அவள் தாயால் வந்து சேர முடியாதபோது சாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பார்கள். கோயில் நடை அப்போது சாத்தியிருந்தது. வெளியே நின்று கும்பிட்டபோது, வர முடியாதவர்களுக்காக வந்த சாமி இது என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது என் வீட்டுக்காரர் பன்னிரண்டு சக்கர வண்டியில் முதல் டிரைவர். முதல் டிரைவர் என்ன, பல நடைகளில் அவர் ஒருவர்தான். கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை, மாத்து டிரைவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பேட்டா மிச்சம் என்று போடாமல் விடுகிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இல் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அவர் ஆச்சரியப்பட்டார். 2025 அக்டோபரிலிருந்து புதிதாகச் செய்கிற லாரிகளுக்குக் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். மே மாதத்து நாக்பூர் வெயிலில் இன்ஜின் சூட்டுக்கு மேலே உட்கார்ந்து வருகிறவனுக்கு அது பெரிய காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். எங்கள் வண்டி பழையது, அதில் கிடையாது. ஆனால் ஏ.சி.யா, இரண்டாவது ஆளா என்று என்னைக் கேட்டால் இரண்டாவது ஆளைத்தான் கேட்பேன். இரண்டு நாளுக்கு மேல் ஓடுகிற வண்டியில் இரண்டு டிரைவர் இல்லாமல் லோடு ஏற்றக் கூடாது. சரக்கு அனுப்புகிற பார்ட்டிகள் இதைக் கேட்க வேண்டும். சீக்கிரம் சேர்த்தால் தனியாகப் பணம் தருகிறேன் என்று டிரைவரிடம் சொல்வதை நிறுத்த வேண்டும். நான் ஏழெட்டுத் தடவை போன் போட்டுச் செய்த தப்பை அவர்கள் பணம் கொடுத்துச் செய்கிறார்கள்.

ஆடிப்பூரத்துக்கு அதற்குப் பிறகு ஒரே ஒரு வருஷம்தான் ஊரில் இருந்தார், அதுவும் தற்செயலாக. மற்ற வருஷங்களில் மகனும் நானும் போய் வடம் தொட்டுவிட்டு வருகிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், கல்யாணமாகி ஒன்றரை வருஷம், அவள் வீட்டுக்காரர் போன மாதம்தான் லைனுக்குப் போயிருக்கிறார். என்ன கட்டிக் கொடுக்கணும் மதினி என்று கேட்டு வந்தாள். கம்பளி, டார்ச், பருப்புப் பொடி எல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் கையில் கொடுத்து அனுப்பினேன். என்னுடைய நோட்டு இப்போது ஆறாவது. நேற்றைய தேதிக்கு எதிரே, கர்நூல், ஆறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன்.